மடக்குக் கத்தி வாங்கும்போது பூட்டை எப்படிப் பார்ப்பது

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அலகின் வடிவத்தை, அப்புறம் கைப்பிடியின் நிறத்தை, அப்புறம் விலையை. பூட்டைப் பற்றி விளம்பரத்தில் "லைனர் லாக்" என்றோ "பிரேம் லாக்" என்றோ ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் கத்தி வேலை செய்துகொண்டிருக்கும்போது அலகு உங்கள் விரல்மேல் மடங்காமல் நிற்பது அந்த ஒரு வரியை நம்பித்தான். பெரும்பாலான பூட்டுகளில் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்கிற இடம் சில சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த இடம் எந்த விளம்பரப் படத்திலும் வராது. கத்தியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, கைப்பிடியின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டைப்பையில் தினமும் இருக்கிற பொருள் கண்ணுக்கும் கைக்கும் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த அழகு பூட்டின் வேலையைத் தொடாமல் இருக்கிறது, எந்த அழகு பூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைத் திருடுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பிடித்த கத்தியைத் தைரியமாக வாங்கலாம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பூட்டே இல்லாத கத்தி

பூட்டு கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தேட ஆரம்பிக்காதீர்கள். சிவப்புக் கைப்பிடி போட்ட சுவிஸ் கத்தியை எல்லோரும் பார்த்திருப்போம், கார்ல் எல்செனர் 1897ல் பதிவு செய்த வடிவத்தின் வாரிசு அது. அதன் சாதாரண 91 மில்லிமீட்டர் அளவில் பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது. கைப்பிடியின் முதுகில் ஓடும் வில்பட்டை அலகின் அடியை, அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் அதன் பின்பகுதியை, அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சுவிஸ் ராணுவமே 1891ல் ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் இப்படிப் பூட்டில்லாத கத்தியைத்தான் சிப்பாய்களுக்குக் கொடுத்தது, பூட்டுள்ள, ஒரு கையால் திறக்கும் அலகு 2008ல்தான் வந்தது. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, பென்சில் சீவ, கயிறு அறுக்க இது போதும். ஏனென்றால் இந்த வேலைகளில் விசை எப்போதும் கத்தி வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், பக்கமாகப் போகிறது, அது அலகை இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மடக்காது. குத்தும்போதும், ஆழமாக வெட்டிய இடத்திலிருந்து அலகைப் பிடுங்கும்போதும், முதுகில் அடி விழும்போதும்தான் அலகு மடங்கப் பார்க்கும். உங்கள் வேலையில் இந்த மூன்றும் வருமா என்று யோசியுங்கள். வராது என்றால் பூட்டில்லாத கத்தி எடை குறைவு, மெலிசு, சுத்தம் செய்யவும் சுலபம்.

பூட்டில்லாத கத்தி வாங்கினால் "அரை நிறுத்தம்" இருக்கிறதா என்று பாருங்கள். மடக்கும்போது 90 டிகிரியில் அலகு ஒருமுறை டக்கென்று நிற்கும், அப்புறம் இன்னொரு முறை அழுத்தினால்தான் முழுதாக மூடும். பழகாத கைக்கு இது நல்ல பாதுகாப்பு. பழகியவர்கள் சிலருக்கு அந்த நிறுத்தம் பிடிக்காது, ஒரே ஓட்டமாக மூடுவதுதான் அழகு என்பார்கள். என்னைக் கேட்டால் வீட்டில் பலர் எடுத்துப் புழங்கும் கத்தியில் அரை நிறுத்தம் இருக்கட்டும்.

தோற்றம் ஏமாற்றுவதற்கு நல்ல உதாரணம் பிரான்சின் லகியோல் கத்தி. அவெய்ரோன் பகுதியில் இருக்கும் ஊரின் பெயரைத்தான் கத்திக்கும் வைத்திருக்கிறார்கள். வளைந்த மெல்லிய கைப்பிடி, அதன் முதுகில் வில்பட்டையின் நுனியில் சின்ன தேனீ ஒன்று. நிறையப் பேர் அந்தத் தேனீயை அமுக்கினால் பூட்டு விடும் என்று நினைக்கிறார்கள். தேனீ வெறும் அலங்காரம். வழக்கமான லகியோலில் பூட்டே கிடையாது, பலமான வில்பட்டைதான் அலகைப் பிடிக்கிறது. நல்ல லகியோலில் தேனீயும் வில்பட்டையும் ஒரே இரும்பில் அடித்து வடித்ததாக இருக்கும், மலிவான நகலில் தனியாகச் செய்து பற்ற வைத்திருப்பார்கள். அந்த வேறுபாடு கைவேலையின் தரத்தைக் காட்டும். அலகு மடங்குமா மடங்காதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஓபினல் வளையம்

பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள ஓபினலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜோசப் ஓபினல் 1890ல் பிரான்சின் சவாய் பகுதியில் செய்ய ஆரம்பித்த மரப்பிடிக் கத்தி அது. முதலில் பூட்டு இல்லை. 1955ல் மார்செல் ஓபினல், கைப்பிடியின் கழுத்தில் சுழலும் ஒரு எஃகு வளையத்தைச் சேர்த்தார். வளையத்தில் ஒரு பிளவு இருக்கும். பிளவும் கைப்பிடியின் காடியும் ஒரே நேரில் இருந்தால் அலகு திறக்கும், மூடும். வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் அலகின் அடிக்குக் குறுக்கே எஃகு வந்து நின்றுவிடும். 2000க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது ஒரு பார்வையிலேயே தெரிகிறது என்பதுதான். ஒளிந்திருக்கும் பாகம் எதுவும் இல்லை. குறை, அது தானாகப் பூட்டாது, நீங்கள்தான் நினைவாகத் திருப்ப வேண்டும். இன்னொன்று, மரப்பிடி தண்ணீரில் ஊறினால் உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது நகத்தால் இழுத்துப் போராடாதீர்கள், கைப்பிடியின் பின்நுனியை மேஜையில் லேசாக ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். அந்த ஊர்க்காரர்கள் செய்வதும் இதைத்தான். வளையத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தட்ட வேண்டும்.

முதுகுப் பூட்டு

அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964ல் கொண்டுவந்த 110 என்ற மாடல்தான் முதுகுப் பூட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பித்தளை முனைகள், நடுவில் கருமரம், சுமார் 9.5 சென்டிமீட்டர் அலகு, எடை 200 கிராமுக்குப் பக்கம். இன்றைய கணக்கில் கனம்தான், ஆனால் கையில் எடுத்தால் அந்தக் கனமே நம்பிக்கை தருகிறது. கைப்பிடியின் முதுகு முழுக்க ஓடும் எஃகுப் பட்டை ஒன்று நடுவில் ஆணியில் ஊசலாடுகிறது. அதன் முன்நுனியில் இருக்கும் பல் அலகின் அடியில் வெட்டிய காடிக்குள் போய் விழும். பின்னால் அமுக்கினால் பல் எழும்பி அலகு விடுபடும்.

தோற்றத்துக்கும் வேலைக்கும் சண்டையே இல்லாத பூட்டு இது. அலகு திறந்திருக்கும்போது முதுகில் ஒரே நேர்கோடு, பித்தளையும் எஃகும் மரமும் ஒரே மட்டத்தில் இருக்கும், விரலால் தடவினால் எங்கும் தடுக்காது. அந்த மட்டம்தான் பூட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. திறந்த நிலையில் பட்டை முதுகு மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் பல் காடிக்குள் முழுதாக இறங்கவில்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம் சட்டைப்பை அழுக்கு. நூல் பஞ்சும் மண்ணும் காடியில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பல்குத்தும் குச்சியால் காடியைச் சுரண்டிப் பாருங்கள், கறுப்பாகத் திரண்டு வரும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

முதுகுப் பூட்டில் கவனிக்க வேண்டியது, விடுவிக்க அமுக்கும் இடம் எங்கே இருக்கிறது என்பது. 110ல் அது கைப்பிடியின் பின்கோடியில் இருக்கிறது. பல கத்திகளில் அது நடுமுதுகுக்கு வந்துவிட்டது. இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கைச் சதை அந்த இடத்தை அமுக்குகிறதா என்று பிடித்துப் பார்க்க வேண்டும். டேவிட் பாய் என்ற கத்திக் கொல்லர் இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். விடுவிக்கும் இடத்தில் பட்டையிலேயே ஒரு சின்னக் குழி வெட்டிவிட்டால், தற்செயலான பிடி அதைத் தொடாது, வேண்டுமென்று கட்டைவிரலை வைத்து அமுக்கினால் மட்டும்தான் இறங்கும். பார்க்க ஒழுங்கான கோட்டில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரித்தான் இருக்கும், சிலருக்கு அது கண்ணை உறுத்தும். எனக்கு அந்தப் பள்ளம் இருந்தால் சந்தோஷம்.

இதே பூட்டை ஆண்ட்ரூ டெம்கோ இன்னும் பலப்படுத்தி கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் கத்திகளுக்குக் கொடுத்தது டிரை-ஆட் பூட்டு. அலகின் அடிக்கும் ஊசல் பட்டைக்கும் நடுவே ஒரு தடிமனான தடுப்பு ஆணியை வைத்து, விசையை அந்த ஆணி வாங்கிக்கொள்ளும்படி செய்தார். பட்டையின் ஆணித் துளையும் கொஞ்சம் நீளமாக இருப்பதால் தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். பலம் என்று மட்டும் பார்த்தால் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. ஆனால் விடுவிக்கக் கட்டைவிரலுக்கு நல்ல பலம் வேண்டும், வயதானவர்களுக்கும் மூட்டுவலி இருப்பவர்களுக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

லைனர் லாக்: கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்

இன்று கடையில் கிடைக்கும் மலிவுக் கத்திகளில் அதிகம் இருப்பது லைனர் லாக். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கைப்பிடிக்குள் இருபக்கமும் உலோகத் தகடு இருக்கும். ஒரு தகட்டை நீளவாக்கில் பிளந்து உள்பக்கமாக வளைத்து வைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தத் தகடு தாவி அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும், உள்ளிருந்து கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டை மாதிரி. இதன் ஆரம்பம் பழசு. அமெரிக்க ராணுவத்தின் டிஎல்-29 என்ற மின்பணியாளர் கத்தியிலேயே இது இருந்தது, அங்கே அது பூட்டியது கத்தி அலகை இல்லை, திருப்புளியை. திருகும்போது மடங்கிவிடக் கூடாது என்பதுதான் கவலை. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கொல்லர் இதை அலகுக்கு உகந்ததாக மாற்றி, அலகு முழுதாகத் திறந்ததும் முட்டி நிற்கும் தடுப்பு ஆணியையும், மூடிய அலகைப் பிடித்துவைக்கும் சின்னக் குண்டையும் சேர்த்தார். நாம் இன்று பயன்படுத்துவது வாக்கரின் வடிவம்.

இப்போது பார்க்கும் முறை. கத்தியைத் திறங்கள். கைப்பிடியின் அடிப்பக்கத்தை, அதாவது அலகு போய் ஒளியும் இடுக்கை, வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். அலகின் அடி எவ்வளவு அகலம், அதில் பூட்டுத் தகடு எவ்வளவு தூரம் உள்ளே வந்து தொடுகிறது என்று பாருங்கள். புதுக் கத்தியில் அகலத்தில் கால்பங்கிலிருந்து பாதிவரை வந்திருந்தால் நல்லது. ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒரு தட்டில் நழுவலாம். எதிர்த்தகட்டைத் தொடுகிற அளவுக்கு ஒரே தாவாகத் தாவியிருந்தால், தேய்மானத்துக்கு இடமே மிச்சமில்லை, புதுசிலேயே கிழடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு மார்க்கர் பேனா எடுங்கள். அலகைப் பாதி மூடி, பூட்டு தொடும் முகத்தில் மை பூசுங்கள். காய்ந்ததும் பத்துப் பன்னிரண்டு தடவை முழுதாகத் திறந்து மூடுங்கள். இப்போது மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த அழிந்த இடம்தான் உங்கள் பூட்டு, வேறெதுவும் இல்லை. அது அலகு சுழலும் அச்சாணியிலிருந்து தூரமாக, முகத்தின் கீழ்ப்பகுதியில் ஒரே சீரான பட்டையாக இருந்தால் நல்ல கைவேலை. அச்சாணிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் புள்ளியாக அழிந்திருந்தால், அலகை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், அநேகமாக ஆடும். அந்த முகம் லேசான சாய்வாக, ஏழெட்டு டிகிரி அளவில் இருக்க வேண்டும். சாய்வு இருந்தால்தான் தகடு ஆப்பு போல நுழைந்து இறுகும், தேயத்தேய இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இடைவெளியை நிரப்பும். சாய்வு அதிகமானால் அழுத்தத்தில் தகடு வெளியே வழுக்கும்.

லைனர் லாக்கில் அழகு கெடுதல் செய்கிற இடங்கள் மூன்று. எடை குறைக்கிறேன் என்று தகட்டில் வரிசையாகத் துளை போடுவது. பூட்டாத பக்கத் தகட்டில் போட்டால் பரவாயில்லை, பூட்டும் தகட்டிலேயே போட்டு மெலிய வைத்தால் நெளியும். இரண்டாவது, கட்டைவிரலுக்கு வசதி என்று கைப்பிடியில் பெரிய வளைவாக வெட்டித் தகட்டை வெளியே காட்டுவது. பார்க்க ஒய்யாரமாகத்தான் இருக்கும், ஆனால் இறுக்கிப் பிடித்து முறுக்கும்போது ஆள்காட்டி விரலின் சதை அந்த வளைவுக்குள் பிதுங்கித் தகட்டைத் தள்ளிவிடலாம். வெட்டு சின்னதாக, நகமும் விரல் நுனியும் நுழையும் அளவில் இருந்தால் போதும். மூன்றாவது, தகட்டின் மெலிவு. கைப்பிடி மெலிசாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் காகிதம்போல் தகடு போட்டிருந்தால் அந்தக் கத்தியைக் கடிதம் பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. தகட்டைத் தள்ளுங்கள், அலகை 20, 30 டிகிரி மடக்குங்கள், கட்டைவிரலை எடுத்துவிடுங்கள், அப்புறம்தான் மீதியை மூட வேண்டும். இந்த வரிசை கைக்குப் பழகும்வரை உட்கார்ந்து பயிற்சி செய்யுங்கள். இடதுகைக்காரர்களுக்கு வழக்கமான லைனர் லாக் தகடு எதிர்ப்பக்கத்தில் இருக்கும், அவர்கள் கீழே சொல்லப்போகும் குறுக்குக்கம்பிப் பூட்டை வாங்குவதே நல்லது.

பிரேம் லாக்

கத்தித் தயாரிப்பாளர் கிரிஸ் ரீவ் தன் செபென்சா கத்தியில், உள்ளே மெல்லிய தகடு வைப்பதற்குப் பதிலாகக் கைப்பிடியின் ஒரு பக்கத்தையே பிளந்து பூட்டாக்கினார். 1990 வாக்கில் வந்த அந்தக் கத்தியில் அலங்காரம் என்று எதுவுமே இல்லை, இரண்டு டைட்டேனியம் பலகைகள், நடுவில் அலகு. ஆனாலும் அது அழகான கத்தி என்று பலரும் ஒத்துக்கொள்வார்கள். பூட்டு எப்படி வேலை செய்கிறதோ அதுவே வெளித்தோற்றமாகிவிட்டது. இதில் இன்னொரு நன்மை, இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உங்கள் விரல்களே பூட்டை உள்பக்கமாக அழுத்துகின்றன. லைனர் லாக்கில் பயப்பட வேண்டிய பிடி இங்கே துணையாகிவிடுகிறது.

பார்க்க வேண்டிய இடம் பூட்டுப் பலகையின் பின்பகுதி. தடித்த டைட்டேனியம் வளைய வேண்டும் என்பதற்காக அங்கே ஒரு இடத்தில் குடைந்து மெலிய வைத்திருப்பார்கள். குடைவை வெளியே செய்தால் கண்ணுக்குத் தெரியும், அதனால் சிலர் உள்பக்கம் குடைகிறார்கள், வெளித்தோற்றம் வழவழவென்று இருக்கும். எந்தப் பக்கம் குடைந்தாலும் சரி, மிச்சமிருக்கும் கனம்தான் முக்கியம். உள்ளே குடைந்திருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள். அதேபோல், மூடுவதற்காகப் பலகையைத் தேவைக்கு மேல் வெளியே வளைத்துவிடாமல் தடுக்க ஒரு தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ரிக் ஹிண்டரர் பிரபலப்படுத்திய சின்ன வட்டத் தகடு பல கத்திகளில் அந்த வேலையைச் செய்கிறது.

டைட்டேனியம் எஃகைவிட மெது. எஃகு அலகோடு உரசும்போது ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. புதுக் கத்தியைத் திறந்தபின் பூட்டை விடுவிக்கவே முடியாமல் இறுகிப்போவது இதனால்தான். பென்சில் கரியையோ மார்க்கர் மையையோ தொடும் முகத்தில் தேய்த்தால் தற்காலிகமாக விடும். நல்ல தயாரிப்பாளர்கள் பூட்டின் நுனியில் எஃகுத் துண்டு ஒன்றைத் திருகிப் பொருத்துகிறார்கள், அது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பலகை முழுக்க நீலமும் ஊதாவும் வானவில்லுமாகச் சாயமேற்றிய டைட்டேனியத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, அந்த எஃகுத் துண்டுக்குக் கொடுங்கள். சாயத்தால் பூட்டுக்குக் கெடுதல் இல்லை, நன்மையும் இல்லை.

மற்றவை சுருக்கமாக

குறுக்குக்கம்பிப் பூட்டு: பில் மெக்ஹென்றியும் ஜேசன் வில்லியம்ஸும் உருவாக்கி, பெஞ்ச்மேட் நிறுவனம் 1998ல் ஆக்சிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. கைப்பிடியின் இரு பக்கமும் துருத்தும் ஒரு எஃகுக் கம்பி, அலகின் அடிமேல் வந்து ஆப்பாக உட்காரும். கம்பியைப் பின்னால் இழுத்தால் அலகு தானே விழுந்து மூடும். விரல் அலகின் பாதையில் வருவதே இல்லை, எந்தக் கைக்கும் பொருந்தும். புதிதாக வாங்குகிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். கம்பியைத் தள்ளிக்கொண்டிருப்பது மெல்லிய கம்பியாலான இரண்டு ஸ்பிரிங்குகள், அவை எப்போதாவது முறியும். ஒன்று முறிந்தாலும் இன்னொன்று தாங்கும், ஆனால் உடனே மாற்றிவிட வேண்டும்.

ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கம்ப்ரஷன் லாக், லைனர் லாக்கை முதுகுப் பக்கம் திருப்பி வைத்தது போலத் தெரியும். வேலை வேறு. சின்னத் தகடு அலகின் அடிக்கும் தடுப்பு ஆணிக்கும் நடுவே சிக்கி நசுங்குகிறது, அந்த நசுக்கத்தைத் தாங்குவதில் எஃகு கெட்டிக்காரன். பொத்தான் பூட்டு ரொம்ப ஒழுங்கான தோற்றம் தரும், ஒரு வட்டப் பொத்தானைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. உள்ளே ஒரு உருளை ஆணி, அலகின் அடியில் வெட்டிய அரைவட்டத்தில் உட்காருகிறது. தொடும் பரப்பு குறைவு, நாளாக ஆக ஆட்டம் வரும், மண் புகுந்தால் பொத்தான் பாதியில் நின்றுவிடும். மேஜை வேலைக்கு நல்லது, தோட்டத்துக்கு வேண்டாம். ஸ்பெயினின் பழைய நவாஹா கத்திகளில் திறக்கும்போது கரகரவென்று பற்கள் ஒவ்வொன்றாக ஏறும் ஓசை இருக்கும், கேட்க அவ்வளவு பிடிக்கும். அலகு முழுதாகத் திறந்தபின் தாங்குவது கடைசிப் பல் ஒன்றுதான்.

வீட்டில் சோதிப்பது

கத்தி முதுகை மேஜை விளிம்பில் ஓங்கி அடித்துப் பூட்டை நிரூபிக்கும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். அந்த அதிர்வு பூட்டு முகத்தை நசுக்கிவிடும், நன்றாக இருந்த கத்தியில் அதற்குப் பிறகு ஆட்டம் வரும். வேலையில் விழுவது இப்படிப்பட்ட அடியும் கிடையாது.

பதிலாக மெதுவான அழுத்தம் கொடுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடியை இரு பக்கத்திலிருந்தும் மட்டும் பிடியுங்கள், அலகு மடங்கினால் வந்து விழும் இடுக்குப் பக்கம் ஒரு விரலும் இருக்கக் கூடாது. மடித்த துண்டின் மேல் கத்தி முதுகை வைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பூட்டு நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள். அப்புறம், முனையை ஒரு தடித்த அட்டையில் குத்தி நிறுத்தி, கைப்பிடியை இரு பக்கமும் முறுக்குங்கள். லைனர் லாக் தோற்பது பெரும்பாலும் இந்த முறுக்கலில்தான்.

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலகு இடம் வலமாக ஆடினால் அச்சாணித் திருகு தளர்ந்திருக்கிறது, கால் திருப்பு இறுக்கினால் சரியாகும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டின் குறை, எந்தத் திருகை இறுக்கினாலும் போகாது. கடைக்காரர் "திருகை டைட் பண்ணினால் சரியாயிடும்" என்று சொன்னால் எந்தப் பக்க ஆட்டம் என்று அவருக்கே காட்டுங்கள். முதுகுப் பூட்டில் மட்டும் தலைமுடி அளவு மேல்கீழ் ஆட்டம் சகஜம்.

மூடிய நிலையையும் பாருங்கள். அலகு ஒளிந்திருக்கும் இடுக்கு கீழே இருக்கும்படி பிடித்து நன்றாக உதறுங்கள். அலகு எட்டிப்பார்த்தால் அந்தக் கத்தியைப் பையில் போட வேண்டாம். வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காகப் பிடிமானத்தை லேசாக்கிய கத்திகளில் இந்தத் தொல்லை உண்டு.

பராமரிப்பும் சட்டமும்

எண்ணெய் அச்சாணியில் ஒரு சொட்டு போதும். பூட்டு தொடும் முகத்தில் எண்ணெய் வேண்டாம், துடைத்துவிடுங்கள். பலாப்பழம் நறுக்க மட்டும் மடக்குக் கத்தியை எடுக்காதீர்கள், பால் உள்ளே இறங்கிக் காய்ந்தால் ஸ்பிரிங்கும் தகடும் ஒட்டிக்கொண்டு பூட்டு பாதி வழியில் நிற்கும், தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திரும்பத் திரும்பத் துடைத்தால்தான் விடும். கடல்காற்று படும் இடத்தில் இருந்தால் பூட்டின் ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும், அலகு எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் அதைத் தனியாகக் கவனியுங்கள்.

பூட்டு இருப்பது சட்டத்திலும் வித்தியாசம் செய்யும். பிரிட்டனில் வாய் 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளலாம், அதே அளவில் பூட்டு இருந்தால் நியாயமான காரணம் காட்ட வேண்டும். அங்கே இருக்கும் நம்மவர்கள் இங்கிருந்து பரிசாக வாங்கிப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குல நீளத்தையும் 2 அங்குல அகலத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன, மடக்குக் கத்திகள் அதற்கு வெகு கீழேதான். ஆனால் பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்திகளுக்கு டெல்லி போன்ற இடங்களில் தனித் தடை உண்டு, பொத்தான் பூட்டைப் பார்க்கிறவர்கள் அதோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். விமானத்தில் போகும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, பழைய லைனர் லாக் கத்தியில் தகடு எதிர்ப்பக்கம்வரை போய்விட்டால் அரத்தை எடுத்து அலகின் அடியை ராவாதீர்கள். ராவினால் தகடு இன்னும் தூரம் போகும், நிலைமை மோசமாகும். தடுப்பு ஆணியைக் கழற்ற முடிகிற கத்தியாக இருந்தால் அதைவிடக் கொஞ்சம் பருமனான ஆணி போட்டுப் பாருங்கள். அலகு சற்று முன்னதாகவே நிற்கும், தகடு பழையபடி நடுவழியில் வந்து பிடிக்கும். ஆணியை மாற்ற முடியாத கத்தியென்றால் தயாரிப்பாளருக்கே அனுப்பிவிடுங்கள், அதுவும் முடியாவிட்டால் பூட்டில்லாத கத்தியாக நினைத்துக் குத்தாமல், பிடுங்காமல் இலகுவான வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.